ஐந்து வருஷம் யார் சோறு போடுவது?

(சட்டக் கல்லூரி மாணவர்களும் இளம் வழக்கறிஞர்களும் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்குச் சட்டம் தெரியாது. கூப்பிட்ட தோழர்களிடம் அப்பவே சொல்லிட்டேன். நான் வங்கிக் குமாஸ்தா. 2024 ஊதிய ஒப்பந்தத்தில் எங்களுக்கு 'கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் நீண்டது, நாற்காலி அதேதான். கவிதை எழுதுகிறவன் என்பதால் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்றைக்குக் கவிதை கிடையாது. காசைப் பற்றிப் பேசப்போகிறேன். சட்டக் கல்லூரிக் கூட்டம் என்றால் நீதியைப் பற்றிப் பேசுகிறோம், அண்ணலைப் பற்றிப் பேசுகிறோம். படித்து முடித்தவனுக்கு முதல் அஞ்சு வருஷம் யார் சோறு போடுவது என்று மட்டும் பேசுவதில்லை. கூச்சமாக இருக்கிறது போல.

என் தங்கச்சி வக்கீல். எங்க காலனியிலேயே முதல் வக்கீல். அம்மா நடவு நட்டவள், அப்பா செங்கல் சூளை. அவள் பதிவு பண்ணிவிட்டுக் கறுப்புக் கோட்டோடு ஊருக்கு வந்த அன்றைக்குத் தெருவே வந்து பார்த்தது. அடுத்த வாரத்திலிருந்து ஜனங்கள் கையில் பேப்பரோடு வர ஆரம்பித்தார்கள். நின்றுபோன முதியோர் பென்ஷன், பட்டா, ஸ்டேஷனில் பிடித்து வைத்த பையன். வந்தவர்களிடம் காசு கேட்க முடியுமா? பரங்கிக்காய் கொண்டாந்து கொடுத்தார்கள். நல்ல பரங்கிக்காய்தான். அதைக் கண்டக்டரிடம் நீட்டி டிக்கெட் வாங்க முடியாதே.

மாவட்டத் தலைநகரில் ஒரு சீனியரிடம் சேர்ந்தாள். பெரிய சேம்பர். முதல் கேள்வி, "எந்த ஊரும்மா?" ஊர் பேரைச் சொன்னாள். ரெண்டாவது கேள்வி, "ஊருக்குள்ளயா, வெளியிலயா?" வெளியில சார் என்றாள். அவ்வளவுதான் நேர்காணல். அதற்கப்புறம் ரெண்டு வருஷம் அவள் வாய்தா வாங்கினாள். கேஸ் கூப்பிடும்போது எழுந்து, "சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார் ஐயா" என்று சொல்லி அடுத்த தேதி வாங்குவது. வாங்கிய தேதியை டைரியில் எழுதுவது. கட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பது. ஒரு வருஷம் கழித்து அதே சேம்பரில் சீனியரின் சொந்தக்காரப் பையன் வந்து சேர்ந்தான். அவனுக்கு முதல் மாசமே மனு எழுதக் கொடுத்தார். மூணாவது மாசம் சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ணினான். அவன் பண்ணும்போது பக்கத்தில் கட்டோடு நின்றவள் என் தங்கச்சி.

சம்பளம்? பொங்கலுக்கு ரெண்டாயிரம். நடுநடுவில் "பஸ்ஸுக்கு வெச்சுக்கம்மா" என்று நூறு ரூபாய். அந்தச் சேம்பரில் ஒரு வக்கீல் குமாஸ்தா இருந்தார், அவருக்கு மாசச் சம்பளம் உண்டு. நானும் குமாஸ்தா என்பதால் இதெல்லாம் என் கண்ணில் படும்.

அந்த சீனியர் கெட்டவர் இல்லை. ஒரு நாளும் சாதி சொல்லித் திட்டியது கிடையாது. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. யாரும் யாரையும் திட்டாமலே இந்த ஏற்பாடு நடக்கிறது. நிலம் எப்படிக் கைமாறுகிறதோ அப்படித்தான் சேம்பரும். மகனுக்கு, மருமகனுக்கு, மச்சான் பிள்ளைக்கு. கட்சிக்காரர்களும் கூடவே போகிறார்கள். நமக்கு நிலமும் இல்லை, சேம்பரும் இல்லை.

அண்ணலுக்கே இதுதான் நடந்தது. அவர் 1922-ல் லண்டன் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனவர். 1923-ல் பம்பாய் திரும்புகிறார். தொழில் நடத்த சன்னது எடுக்கக் கையில் காசில்லை. நவல் பதேனா என்ற பார்சி நண்பர் கடன் கொடுக்கிறார். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அன்றைக்குப் பெரிய வழக்கெல்லாம் சொலிசிட்டர்கள் வழியாகத்தான் பாரிஸ்டருக்கு வரும். தீண்டத்தகாத பாரிஸ்டரிடம் எந்த சொலிசிட்டர் வருவான்? அவர் மேல்முறையீட்டு வழக்குகளையும் வெளியூர் வழக்குகளையும் பிடித்தார். பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் சொல்லிக் கொடுத்தார். 1928-லிருந்து அரசு சட்டக் கல்லூரியில் வகுப்பு எடுத்தார். இதற்கு நடுவில்தான் 1926-ல் பார்ப்பனரல்லாதார் இயக்கத்துத் தலைவர்களுக்காகப் புனேயில் ஒரு அவதூறு வழக்கை நடத்தி ஜெயித்தார். கோட்டு போட்ட படத்தை மாட்டி வைத்திருக்கிறோம். அந்தக் கோட்டுக்குப் பின்னால் மாலை நேரம் வகுப்பெடுத்துச் சம்பாதித்த ஒரு மனுஷன் இருக்கிறார் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பகுதிநேர வேலை பார்க்கிற ஜூனியரை "சீரியஸா இல்ல" என்று பார் ரூமில் கேலி செய்கிறார்களாம்.

பதிவுக் கட்டணத்துக்கு வருகிறேன். 1961 வழக்கறிஞர்கள் சட்டம் 24-ஆம் பிரிவுப்படி பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், நமக்கு 125 ரூபாய். மாநில பார் கவுன்சில்கள் வாங்கிக்கொண்டிருந்தது பதினைந்தாயிரம் முதல் நாற்பத்திரண்டாயிரம் வரை. 30.7.2024-ல்தான் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் இருப்பதற்கு மேல் வாங்கக் கூடாது என்றது. ஏற்கனவே வாங்கியதைத் திருப்பித் தர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. அதற்கு முந்தின வருஷங்களில், பிள்ளையைப் பதிவு பண்ண வேண்டும் என்று சொல்லிக் கம்மலை அடகு வைத்த அம்மாக்களுக்கு நான் கவுண்டரில் நகைக்கடன் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். 125 ரூபாய்க்கு எதுக்கும்மா கம்மல் என்று கேட்க அன்றைக்கு எனக்கும் தெரியாது.

இன்னொன்று, இது வங்கிக்காரனுக்கு மட்டும் தெரிகிற விஷயம். கல்விக்கடன். நாலு லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் கேட்க மாட்டோம். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம். அதற்கப்புறம் கட்ட வேண்டும். இது யாரை நினைத்துப் போட்ட கணக்கு? இஞ்சினியரை நினைத்து. நாலு வருஷம் படிப்பு, வளாகத் தேர்வு, அடுத்த மாசம் சம்பளம். வக்கீலுக்கு அந்த ஒரு வருஷம் எந்த மூலைக்கு? தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுப் பெரிய கம்பெனிச் சட்ட நிறுவனத்துக்குப் போகிறவனுக்குச் சரி. தாலுகா கோர்ட்டில் நிற்கிறவனுக்கு முதல் தவணை வரும்போது கையில் இருப்பது பஸ் காசு. மூணு தவணை தவறினால் வாராக்கடன். அப்பாவுக்கு போன் போடுகிறவன் நான். ஒரு தடவை போனை எடுத்தவர், "பையன் கோர்ட்டுக்குப் போயிருக்கான் சார், இன்னிக்கி ஏதோ முக்கியமான கேஸாம்" என்றார் பெருமையோடு. எனக்கு மேலே பேச வாய் வரவில்லை.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது தரச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. தங்கச்சி அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "இதைப் போய் நான் அவர்கிட்ட காட்டணுமாண்ணா?"

கல்லூரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1891-ல் தொடங்கிய சென்னை சட்டக் கல்லூரி உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருந்தது. வகுப்பு முடிந்தால் நடந்து போய் கோர்ட்டில் உட்காரலாம். வீட்டில் வக்கீல் இல்லாத பிள்ளைக்கு அது காசில்லாத சேம்பர். அந்தக் கல்லூரியின் பெயரில் அண்ணலின் பெயர் இருக்கிறது. அதை ஒரு சுவரொட்டியில் விட்டுவிட்டதில் தொடங்கிய மோதல் 12.11.2008-ல் ரத்தமானது. போலீஸ் நின்று வேடிக்கை பார்த்ததை நாடே டிவியில் பார்த்தது. 2018-ல் கல்லூரியைப் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் கொண்டுபோனார்கள். கட்டடம் புதுசு, வசதி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மத்தியானம் நடந்து போய் வாதம் கேட்க முடியாது. அப்பா சேம்பர் வைத்திருக்கிற பையனுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

அதோடு 1.7.2024 முதல் இ.பி.கோ. போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. நம் பிள்ளைகள் பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு வாங்கின புத்தகமெல்லாம் பழைய வழக்குக்குத்தான் ஆகும். பெயரை வாயில் நுழைக்கவே ஒரு மாசம் ஆச்சு என்கிறாள் தங்கச்சி.

'ஜெய்பீம்' படம் 2021-ல் வந்தபிறகு சட்டம் படிக்கணும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். நல்லதுதான். (1993-ல் செத்த ராசாக்கண்ணு குறவர் சமூகம், படத்தில் இருளர் ஆக்கினார்கள், அது தனிக் கதை.) காசு வாங்காமல் அந்த வழக்கை நடத்திய சந்துரு பின்னால் நீதிபதி ஆனார். படம் அவர் வாதாடுவதைக் காட்டுகிறது. வாடகை கொடுப்பதைக் காட்டவில்லை. கிரிமினல் வக்கீல் ஆகணும், போலீஸை நிறுத்திக் கேள்வி கேட்கணும் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். கேட்கணும். ஆனால் எங்கள் கிளையில் வீட்டுக்கடன் ஃபைல் ஒவ்வொன்றுக்கும் சொத்துப் பத்திரத்தைப் பார்த்துக் கருத்து எழுதிக் கொடுக்கிற பேனல் வக்கீல் இருக்கிறார். ஒவ்வொரு ஃபைலுக்கும் கட்டணம். செக் மோசடி வழக்கு, விபத்து இழப்பீடு, பத்திரம் எழுதுவது, இதில்தான் வக்கீல் வீட்டில் அடுப்பு எரிகிறது. இந்த சிவில் வேலையை நம் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத் தருவதில்லை.

சிவில் வேலை வெறும் சோத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் அறிக்கை கொடுத்து, 1892-ல் வெள்ளைக்காரன் அரசாணை போட்டுக் கொடுத்த பஞ்சமி நிலம் எங்கே போனது? பத்து வருஷம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் நம் ஜனத்துக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலத்தைக் கேட்டதற்குத்தான் 1994-ல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் சுடப்பட்டார்கள். அதை மீட்க முழக்கம் மட்டும் போதாது. பழைய 'அ' பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவன் வேண்டும், வில்லங்கம் போட்டுப் பார்க்கத் தெரிந்தவன் வேண்டும். அந்த வித்தையும் சேம்பருக்குள்ளேதான் பூட்டிக் கிடக்கிறது.

இப்போ ஒரு குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ரெண்டு வருஷம் முடிந்தபோது தங்கச்சி ராத்திரியில் அழ ஆரம்பித்தாள். நான் என்ன செய்தேன்? வங்கித் தேர்வு கைடு வாங்கிக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தேன். விடுதலை, விடுதலை என்று பக்கம் பக்கமாய் எழுதுகிறவன். "நிம்மதியான வேலைம்மா, ஒண்ணாந்தேதி சம்பளம்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. படிக்கக்கூட ஆரம்பித்துவிட்டாள்.

அந்த மாசம்தான் எங்க ஊர்ப் பெரியம்மா ஒருத்தியை, ஆடு கொல்லையில் மேய்ந்தது என்று சாதி பேரைச் சொல்லி அடித்தார்கள். வன்கொடுமை வழக்கு பதிவாகி ஆளைக் கைது பண்ணினார்கள். ஜாமீன் மனு சிறப்பு நீதிமன்றத்துக்கு வந்தது. பெரியம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. தங்கச்சி வேறு ஒரு வாய்தாவுக்கு அங்கே நின்றவள், எழுந்து குறுக்கே பேசினாள். 15-ஏ பிரிவு, 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஜாமீன் விசாரணையில் அவர் சொல்வதையும் கேட்க வேண்டும். அது கட்டாயம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. "நீங்க யாருக்காக?" என்று நீதிபதி கேட்டார். "அடி வாங்கினவங்களுக்காக ஐயா" என்றாளாம். மூணு நாள் தள்ளி வைத்தார்.

மூணாம் நாள் பெரியம்மா வந்து கூண்டுக்குப் பக்கத்தில் நின்று நடந்ததைச் சொன்னாள். அடுத்த வாரம் நிபந்தனையோடு ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். கைதட்டாதீங்க, ஜெயிச்ச கதை இல்லை இது. அவன் வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியம்மா சொன்னாள்: "அந்த நீதிபதி எம் பேரக் கேட்டு எழுதிக்கினாரு." அதை நாலு தடவை சொன்னாள்.

தங்கச்சி அந்த சேம்பரை விட்டுவிட்டாள். கைடு இன்னும் மேசை மேலதான் இருக்கிறது, எடுக்கச் சொல்லவில்லை.

நாங்கள் எட்டுப் பேர். வங்கி, தபால் ஆபீஸ், ரெண்டு வாத்தியார், ஒரு நர்ஸ் அக்கா. மாசம் ஆளுக்கு ஐநூறு. நாலாயிரத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரூம், பழைய பிரிண்டர், புதுச் சட்டப் புத்தகம். மூணு ஜூனியர் உட்காருகிறார்கள். ரூம் பிடிக்கவே ஆறு வீடு ஏறி இறங்கினோம். வக்கீல் என்றால் வாடகைக்குத் தர யோசிப்பான், இந்த வக்கீல் என்றால் கேட்கவே வேண்டாம். சங்கத்துக்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் தலைவர் யார் என்று சண்டை வரும். ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருத்தர் சனிக்கிழமை வந்து புலப்படம் பார்க்கச் சொல்லித் தருகிறார். பத்திரம் படிக்கச் சொல்லித் தர ஒரு சிவில் வக்கீலைத் தேடிக்கொண்டிருக்கிறோம், இங்கே யாராவது இருந்தால் போகும்போது சொல்லுங்கள். நாலாயிரம் போதவில்லை. ஒன்பதாவது ஆளாகச் சேருகிறவர்கள் என்னிடம் இப்போதே பெயர் கொடுக்கலாம், நோட்டு கொண்டுவந்திருக்கிறேன்.

சட்டத்தில் கேள்வி இருந்தால் என்னிடம் கேட்காதீர்கள். கடைசி வரிசையில் பச்சைத் துப்பட்டாவோடு உட்கார்ந்திருக்கிறாள், அவளிடம் கேளுங்கள். சீக்கிரம் கேளுங்கள், ஒன்பதே காலுக்குக் கடைசி பஸ். நாளைக்கு அவளுக்கு ரெண்டு கேஸ் இருக்கிறது.