மலிவான துவக்கும் மெய்யான குறியும்



பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியில் துவக்கைப் பற்றிப் பேச வருவது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் கலைப் பட்டதாரி. படித்தவை தமிழும் வரலாறும். வேட்டையாடியவனல்லன், ஆயுதம் எதனையும் உரிமையாக வைத்திருந்தவனுமல்லன். ஆயினும், ஒரு புறம் உப்பளமும் களப்பும், மறு புறம் தென்னந்தோட்டங்களும் அவற்றுக்கப்பாற் பற்றைக்காடுமாக அமைந்த பாலாவியிற் பள்ளிக்கூடம் நடத்துகின்றவனுக்குத் துவக்கின் செய்தி தானாகவே வந்து சேர்ந்துவிடுகின்றது.

எனக்கு அது ஒரு கேள்வியின் வடிவில் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பாடசாலை மாணவன் ஒருவனின் தந்தை, தோட்டக் காவலாளி, விடியற்காலையில் ஒற்றையடிப் பாதையால் நடந்து வரும்போது கட்டுத்துவக்கில் அகப்பட்டார். காட்டுப்பன்றிக்கென்று எவரோ கட்டி வைத்தது. முழங்கால் சிதைந்துபோயிற்று. பல வாரங்கள் கழித்து வகுப்புக்குத் திரும்பி வந்த அந்தப் பையன் என்னிடம் கேட்டான்: “சேர், வாப்பாவைச் சுட்ட துவக்கை ஒருவரும் குறிபார்க்கவில்லையாம். அப்படியென்றால் அது எப்படி அவ்வளவு சரியாகப் பட்டது?”

அப்பொழுது என்னால் விடை கூற இயலவில்லை. விடையைத் தேடத் தொடங்கினேன். குறி என்றால் என்ன, ஒரு துவக்கின் மதிப்பு அதன் விலையிலா வேறெதிலா இருக்கின்றது என்பவற்றைப் பற்றி நான் அறிந்துகொண்டவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இவ்வாராய்ச்சியில் எனக்கு ஆசிரியராக அமைந்தவர் எங்கள் ஊரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர். ஊரவர் அவரைச் சார்ஜன்ட் ஐயா என்றே அழைத்தனர். தமது சேவைக்காலத்திற் பெரும்பகுதி அவர் தோளிற் சுமந்தது ‘திறீ நொட் திறீ’ என்று நம் நாட்டில் எல்லோரும் அறிந்த லீ-என்பீல்ட் றைபிள். அதன் குழலின் உள்விட்டம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 303 பங்கு, அதனாலேயே அப்பெயர்.

“தம்பி, றைபிளின் இரகசியம் இரண்டே இடத்தில் இருக்கிறது. ஒன்று குழலுக்குள்ளே, மற்றது தாழ்ப்பாளில்” என்றார் அவர்.

முதலிற் குழலைப் பார்ப்போம். நம் கமக்காரர் பயிர்க் காவலுக்கென அனுமதி பெற்று வைத்திருப்பது பெரும்பாலும் பன்னிரண்டு போர்த் துவக்கு. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அவற்றுள் ஒன்று பொருந்தக்கூடிய குழல் என்பதே அப்பெயரின் பொருள். அக்குழலின் உட்புறம் வழுவழுப்பானது. அதிலிருந்து புறப்படும் சன்னங்கள் போகப் போகப் பரவும். பறக்கும் பறவைக்கு அது ஏற்றது; தூரத்தில் நிற்கும் பெரிய விலங்குக்கு ஏற்றதன்று. றைபிளின் குழலிலோ உட்புறத்தே திருகுச் சுரிபோல வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவை ரவையைச் சுழற்றி அனுப்புகின்றன. சுழலும் பம்பரம் சாயாது நிற்பதுபோலச் சுழலும் ரவையும் தலைகுப்புறாது நேரே செல்லும். ‘திறீ நொட் திறீ’ ரவை விநாடிக்கு ஏறக்குறைய 2,440 அடி வேகத்திற் புறப்படுகின்றது. குழலில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக வரிகள் திருகியிருப்பதனால் அது விநாடிக்கு 2,900 முறைக்கு மேற் சுழல்கின்றது. எண் கணிதம் அறிந்த எந்த மாணவனும் இதனைப் போட்டுப் பார்க்கலாம்.

இனித் தாழ்ப்பாள். நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். பிடியை மேலே தூக்கிப் பின்னே இழுத்தால் வெறுந்தோட்டா வெளியே விழும். முன்னே தள்ளிக் கீழே மடித்தால் புதுத் தோட்டா குழலின் அடியில் அமர்ந்து இறுகப் பூட்டப்படும். இம்முறையை 1841ஆம் ஆண்டிற் பிரஷ்ய இராணுவம் டிரைசேயின் ஊசித் துவக்கில் ஏற்றுக்கொண்டது. ஜெர்மனியரான பவுல் மவுசர் 1898இல் அதனைச் செம்மையாக்கினார். ஸ்கொட்லாந்திற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீயின் அமைப்பை என்பீல்ட் தொழிற்சாலையின் குழலோடு இணைத்துப் பிரித்தானியர் 1895இல் லீ-என்பீல்டை ஏற்றனர். மவுசரின் பூட்டு முன்புறத்தில் இறுகுவது; உறுதி மிக்கது. லீயின் பூட்டு பின்புறத்தில் இறுகுவது, விரைவு மிக்கது. எதுவாயினும் பயன் ஒன்றே: ஒவ்வொரு தோட்டாவும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே இறுக்கத்தில் அமர்கின்றது. ஒரே நிலையிலிருந்து புறப்படுவது ஒரே இடத்துக்குப் போய்ச் சேரும். குறி தவறாமையின் அடிப்படை இதுவேயாம்.

இது மலிவாகக் கிடைப்பது எங்ஙனம்? பழைய கனவான்களின் இரட்டைக்குழல் றைபிளோடு ஒப்பிட்டால் விடை விளங்கும். அதில் இரு குழல்களும் ஒரே புள்ளியிற் சுடும்படி கைதேர்ந்த கம்மியன் சுட்டுச் சுட்டுப் பார்த்துத் திருத்தியாக வேண்டும். அந்த உழைப்பே பெரும் விலையாயிற்று. தாழ்ப்பாள் றைபிளுக்கோ குழல் ஒன்று. திருத்தவேண்டிய ஒற்றுமை எதுவுமில்லை. லீ-என்பீல்ட் இனத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட றைபிள்கள் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அவை பல நாடுகளிற் சொற்ப விலைக்கு விற்கப்பட, எளிய குடியானவனும் வேட்டைக்காரனும் வாங்கினர். கனடாவின் பனிப்பிரதேசத்துக் காவற் படையினர் 1947 முதல் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அதனையே சுமந்தனர். 2018ஆம் ஆண்டளவிலேயே அவர்களுக்குப் புது றைபிள் வழங்கப்பட்டது. அதுவும் தாழ்ப்பாள் றைபிளே!

அயல்நாடான இந்தியாவிலும் இதற்கொரு சான்றுண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் இராணுவத் தோட்டாக்கள் பொதுமக்கள் கையிற் சேரலாகாதென்று ‘திறீ நொட் திறீ’ தடுக்கப்பட்டிருந்தது. ஆதலால் அதே லீ-என்பீல்ட் அமைப்பில், ஆஸ்திரிய இராணுவம் முன்பு பயன்படுத்திய வேறொரு தோட்டாவுக்கு ஏற்ப, ‘315’ என்னும் வேட்டை றைபிள் தோன்றியது. பின்னர் இந்திய அரசாங்கத் தொழிற்சாலைகளே அதனைச் செய்து விற்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்த பின்னரும் காவலுக்கென மக்கள் அதனை வைத்திருக்கின்றனர்.

ஆனால், நேயர்களே, மலிவான கருவி நேரே சுடும் என்பது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சார்ஜன்ட் ஐயா எனக்கு ஒரு கடதாசியிற் புள்ளியிட்டுக் காட்டினார். 100 யார் தூரத்தில் மூன்று வெடி வைக்கிறோம். மூன்றும் நெருங்கி ஒரே இடத்தில், ஆனால் நாம் நினைத்த புள்ளிக்குச் சற்றுப் பக்கத்திற் பட்டால், அது திருத்தக்கூடிய பிழை. குறிமுனையைச் சிறிது நகர்த்தினாற் போதும். மூன்றும் மூன்று திசையிற் சிதறினால் குறிமுனையை எங்கே நகர்த்துவது? முதற் பிழையுடைய மாணவனுக்கு ஆசிரியர் உதவலாம். இரண்டாம் பிழைக்கு அடிப்படையிலிருந்தே தொடங்க வேண்டும் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அச்சிதறலுக்குக் காரணம் பெரும்பாலும் பராமரிப்பின்மையே. ஈரக்காற்றில் மரப்பிடி ஊதிக் குழலை நெருக்கினால் ரவை விலகும். துரு ஏறினால் வரிகள் அழியும். பழைய ‘திறீ நொட் திறீ’ தோட்டாவின் வெடிமூட்டி எரிந்தபின் குழலுக்குள் ஒருவகை உப்பை விட்டுச் செல்லும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும். அதனால் அக்காலச் சிப்பாய்கள் சுட்டபின் குழலுக்குள் கொதிநீர் ஊற்றிக் கழுவினர். உப்பு இரும்பை என்ன செய்யும் என்பதைப் புத்தளத்தாருக்கு நான் சொல்லவும் வேண்டுமோ? நல்ல றைபிளை நாலு மழைக்காலத்தில் வெறுங் குழாயாக்கிவிட நம் கடற்கரைக் காற்றே போதும்.

கருவி பெரிதாயிருந்தாற் குறையெல்லாம் தீரும் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் 21 இறாத்தல் நிறையுள்ள றைபிளைத் தூக்கிக்கொண்டு நம் நாட்டு யானைகளை வேட்டையாடினார். பதுளையில் உத்தியோகம் பார்த்த மேஜர் றொஜர்ஸ், 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறப்பதற்கு முன், 1,400 யானைகளுக்கு மேற் கொன்றார் என்பர். இவர்களுக்குப் பின் வந்த ஸ்கொட்லாந்துக்காரர் பெல் என்பவரோ, மவுசர் வகையைச் சேர்ந்த சிறு றைபிளைக் கொண்டே ஆபிரிக்காவிற் பெரும் எண்ணிக்கையான யானைகளை வீழ்த்தினார். அவர் செய்தது என்ன? இறந்த யானையின் மண்டையோட்டை அறுத்து, மூளை எங்கே இருக்கின்றது என்று ஆராய்ந்தார். இம்மூவர் செயலையும் நான் இங்கே போற்ற வரவில்லை. அக்கொலைகளின் நட்டத்தை நாம் இன்றும் அனுபவிக்கின்றோம். ஆயினும் ஓர் உண்மை இதிலிருந்து தெளிவாகின்றது. குருவியின் தலையிற் பனங்காயை வைத்தாற் போன்ற பாரக் கருவியைவிட, எங்கே படவேண்டும் என்னும் அறிவே பெரிது.

இன்று நம் பகுதியில் நடப்பது என்ன? கருவலகஸ்வெவப் பக்கத்திலும் வனாத்தவில்லுப் பக்கத்திலும் இரவில் யானை வருகின்றது. ஒரு வருட உழைப்பு ஓர் இரவிற் போகும் என்ற ஏக்கத்தில் கமக்காரன் இருட்டிற் சுடுகிறான். அவன் வறுமையை நான் அறிவேன். அவன் பிள்ளைகளைப் போன்றவர்களே என் முன்னே வாங்கிற் கூடாது ஒதுங்கி அமர்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சன்னங்கள் பெரும்பாலும் யானையை உடனே கொல்வதில்லை. ஓர் அங்குலத் தோலுக்குள் தங்கிப் புண்ணாகிச் சீழ்பிடிக்கின்றன. வலியோடு அலையும் யானை அடுத்த ஊரில் வேறொரு குடும்பத்தின் கதவை உடைக்கின்றது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் 5,879 யானைகள் இருந்தன. 2023ஆம் ஆண்டில் மட்டும் 400க்கும் மேற்பட்டவை மாண்டன; அதே ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதரும் யானைகளால் மாண்டனர். 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானையைக் காக்கின்றது. 1916ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் துவக்குக்கு அனுமதி வேண்டுமென்கின்றது. இருந்தும் இந்த நட்டம் இரு பக்கமும் தொடர்கின்றது.

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். கட்டுத்துவக்கே உலகத்தில் மிக மலிவான துவக்கு. ஒரு குழாய்த் துண்டு, ஒரு கயிறு, கொஞ்சம் மருந்து. பன்றியின் உயரத்துக்குக் கட்டப்பட்டிருந்தது. மனிதனுக்கு அந்த உயரம் முழங்கால். கயிற்றில் எவன் கால் பட்டதோ அவனைத் தவறாமற் சுட்டது. மகனே, அது சரியாகப் பட்டது உண்மைதான். ஆனால் அது குறியன்று. குறி என்பது ரவை நேரே போவது மட்டுமன்று. எதிரே நிற்பது யாது என்று பார்க்கும் கண்ணும் அதனோடு சேர்ந்திருக்க வேண்டும். கண்ணில்லாத துவக்கின் விலையை வாங்கியவன் கொடுப்பதில்லை. பாதையால் வந்தவன் கொடுக்கின்றான்.

சார்ஜன்ட் ஐயா இறுதியாக எனக்குச் சொன்னதை இங்கே சொல்ல வேண்டும். தாழ்ப்பாள் றைபிளில் தமக்குப் பிடித்தது அதன் விரைவன்று, அதன் தாமதமே என்றார் அவர். ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் இடையே கை பிடியை விட்டு எழுந்து, தாழ்ப்பாளைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடிக்க வேண்டும். “அந்த நேரத்துக்குள் இரண்டாம் வெடி வேண்டுமா என்று மனம் கேட்டுவிடும், தம்பி. நான் சேவையிலிருந்த காலமெல்லாம் பலமுறை வேண்டாம் என்றே அது சொல்லியிருக்கிறது.”

கமக்காரரெல்லாம் றைபிள் வாங்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் மாகாணத்துக் கல்கமுவப் பகுதியில் ஊரையும் வயலையும் சுற்றி ஊரவரே பேணும் மின்வேலிகள் பல குடும்பங்களை நிம்மதியாக உறங்க வைத்திருக்கின்றன. நம் பக்கத்துக்கும் அவ்வழியே நல்லது. அனுமதியோடு துவக்கு வைத்திருப்போரிடம் நான் வேண்டுவது மூன்று. உப்புக்காற்றிலிருந்து அதனைக் காத்துத் துப்புரவாக வைத்திருங்கள். தெளிவாகக் காணாததைச் சுடாதீர்கள். உங்கள் ஊரிற் கட்டுத்துவக்குக் கட்டுபவர் எவரென்று தெரிந்தால், உறவினராயினும், அவரிடம் சென்று பேசுங்கள். கேளாவிடிற் பொலிசாருக்கு அறிவியுங்கள்.

அந்தக் காவலாளி இப்பொழுது ஊன்றுகோலுடன் நடக்கிறார். அவருடைய மகன் இவ்வாண்டு சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுகிறான். காலையிற் பாடசாலைக்கு வரும்போது அவன் அந்த ஒற்றையடிப் பாதையை விட்டுச் சுற்றுவழியால் வருகிறான். அப்பாதையில் அவன் மறுபடியும் அச்சமின்றி நடக்கும் நாள் வரவேண்டும்.