உங்கள் ஃபோல்டர் யார் யாருக்குத் திறக்குது?

வருமானச் சான்று, பட்டா, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாவற்றையும் போனில் ஸ்கேன் செய்து, கூகுள் டிரைவில் ஒரே ஃபோல்டரில் வைத்திருப்பீர்கள். நல்ல பழக்கம்தான். இ-சேவை மையத்துக்குக் காகிதக் கட்டோடு அலைய வேண்டாம். ஆனா, அந்த ஃபோல்டரின் லிங்கைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டீங்களே, அது இப்போ யார் கையில இருக்கு?

லிங்க் 'ரெஸ்ட்ரிக்டட்' என்று இருந்தால், நீங்கள் மின்னஞ்சல் முகவரி கொடுத்துச் சேர்த்தவர்கள் மட்டுமே திறக்க முடியும். 'எனிஒன் வித் தி லிங்க்' என்று இருந்தால், லிங்க் கிடைத்த யாரும் திறக்கலாம். தங்கச்சி மாப்பிள்ளை அதை ஒரு லோன் ஏஜென்டுக்கு ஃபார்வர்டு செய்தால், ஏஜென்டுக்கும் திறக்கும். வாட்ஸ்அப்பில் அந்த மெசேஜை அழிச்சிட்டா போதும்னு பலர் நினைக்கிறாங்க. போதாது. மெசேஜ்தான் போகும், அனுமதி அப்படியே இருக்கும்.

இன்னொன்று, பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது. ஃபோல்டருக்குக் கொடுத்த அனுமதி, பிறகு அதற்குள் போடும் கோப்புகளுக்கும் சேர்ந்துவிடும். கல்யாண போட்டோவுக்காகப் பகிர்ந்த ஃபோல்டர் அது. ஆறு மாதம் கழித்து, ஏதோ அவசரத்தில், ஆதாரையும் பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும் அதிலேயே போடுகிறீர்கள். போட்டோ பார்க்க வந்தவர் எல்லாருக்கும் கணக்கு எண் தெரியும். போட்டோவுக்கு ஒன்று, ஆவணத்துக்கு ஒன்று என ஃபோல்டரைப் பிரித்துவிடுங்கள்.

இப்பவே டிரைவைத் திறங்க. ஃபோல்டர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு, 'மேனேஜ் ஆக்சஸ்' போங்க. அங்கே 'எனிஒன்' என்று இருந்தால் 'ரெஸ்ட்ரிக்டட்' ஆக்குங்க. அதன்பின், பழைய லிங்க் யாரிடம் இருந்தாலும், பட்டியலில் பெயர் இல்லாதவருக்குத் திறக்காது. பட்டியலில் 'எடிட்டர்' என்று இருப்பவர் கோப்பை மாற்றலாம். நீங்கள் தடுக்காத வரை மற்றவர்களுக்கும் பகிரலாம். பார்த்தால் மட்டும் போதும் என்பவருக்கு 'வியூவர்' போதும். வேலை முடிந்தவரை நீக்கிடுங்க. தப்பா நினைப்பாங்களோன்னு தயங்க வேண்டாம், தேவைப்பட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே யாராவது இறக்கிவைத்த நகலை மட்டும் திரும்ப வாங்க முடியாது. அதனால், முழு எண் கட்டாயமில்லாத இடங்களில் 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள். மைஆதார் தளத்தில் கிடைக்கும். கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், டிரைவைத் திருத்திக்கொண்டு உட்காராமல், உடனே 1930-க்கு போன் செய்யுங்கள்.