பேறுகால அறையும் பெற்றோர் மனநலமும்

 

பேறுகால வேதனையில் பேரீச்ச மரத்தடியில் ஒதுங்கிய மர்யம் (அலை) அவர்கள், தாம் முன்பே இறந்திருக்கலாகாதா எனக் கலங்கியதைத் திருமறை அறிவிக்கின்றது. அப்போது அவர்களுக்குக் கிடைத்தது கண்டிப்பு அன்று. ஆறுதல் மொழியும், அருந்த நீரும், உண்ணக் கனியுமே.

இன்று தமிழகத்தில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு இதனை 99.6 விழுக்காடு என்கின்றது. இதனால் பல உயிர்கள் காக்கப்படுகின்றன, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும், தனியே விடப்படுதலும், அதட்டப்படுதலும், தமக்கு என்ன செய்யப்படுகிறது என அறியாதிருத்தலும் ஒரு தாயின் உள்ளத்தில் நெடுங்காலம் தங்கும் காயத்தை உண்டாக்கக்கூடும்.

நம் மூத்த மகள் பிறந்த இரவில் எம் துணைவியார் உள்ளே தனித்திருந்தார். வெளியே நின்ற நம் செவியில் அதட்டல் ஒலியே விழுந்தது. குழந்தை நலமாகப் பிறந்தது. ஆனால் அவரோ பல மாதங்கள் நள்ளிரவில் திடுக்கிட்டு எழுந்து அழுதார். "பிள்ளைதான் நலமாயிற்றே, இன்னும் ஏன் அழுகை?" என்று கேட்டவர் வேறெவருமல்லர், நாமே. அக்கேள்விக்காக இன்றும் வருந்துகிறோம். அடுத்த பேற்றின்போது அவருடைய தாயார் அருகிருந்து கையைப் பற்றியிருந்தார்கள். வலி குறையவில்லை, அச்சம் குறைந்தது.

நம் மாநில அரசு மருத்துவமனைகளில் பேறுகாலத் துணைவர் திட்டம் 2004இல் தொடங்கப்பெற்றது. தாய் விரும்பும் ஒருவர் உடனிருக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனமும் 2018இல் பரிந்துரைத்துள்ளது. இடைவிடாத துணை இருப்பின் அறுவைப் பிரசவம் குறைகின்றது என்பதும் ஆய்வுகள் கண்ட உண்மை.

ஆகவே, பிரசவத்திற்கு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது, கட்டணத்தை மட்டுமன்றி, "உடன் ஒருவர் இருக்க அனுமதி உண்டா?" என்பதையும் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் கணவன்மார்கள் குழந்தையை மட்டுமன்றித் தாயையும் நலம் விசாரியுங்கள். சோர்வும் அழுகையும் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால், ஈமான் குறைவு என்று பழிக்காமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணும் உண்டு. இச்சோர்வு தந்தையரையும் பற்றக்கூடும். அதனைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

நம் மஹல்லாவின் தாய்மார்கள் எவரும் அந்நேரத்தில் தனித்து விடப்படாதிருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.