‘பெரும்பாடு’ என்றால் என்ன?

(ஆண்டு விழாவையொட்டி, பெண்கள் ஐக்கியமும் ஞாயிறு பாடசாலையும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாற்கு 5ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். அங்கே வரும் ‘பெரும்பாடு’ என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டால், பிள்ளைகள் ‘பெரிய கஷ்டம்’ என்பார்கள். அதுவும் பொருந்தாமல் இல்லை. ஆனால் அது ஒரு நோயின் பெயர். பெண்களுக்கு மாதந்தோறும் வரும் இரத்தப்போக்கு அளவுக்கு மிஞ்சிப் போவதை நம்முடைய தமிழ் வைத்தியத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பெரியவர்களாகிய நாம் இந்த வசனம் வந்ததும் குரலைத் தாழ்த்தி, அடுத்த வசனத்துக்கு ஓடிவிடுகிறோம். பிள்ளைகள் அதையும் கவனிக்கிறார்கள். தாதியாக வேலை செய்யும் எனக்கு இது வெட்கப்படும் சொல்லாகத் தெரியவில்லை. ஆகவே இன்று ஓடாமல் நின்று பார்ப்போம்.

பன்னிரண்டு வருடம் இரத்தம் போன உடம்பு எப்படி இருக்கும்? இரும்புச்சத்துக் குறைந்து முகம் வெளிறிவிடும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். அப்படிப்பட்டவள் நெருக்கியடிக்கும் கூட்டத்துக்குள் நுழைந்து, பின்னால் வந்து இயேசுவின் உடையைத் தொடுகிறாள். கையில் இருந்ததெல்லாம் வைத்தியருக்குப் போய்விட்டது. அவர்களிடம் அவள் பட்ட பாடு அதிகம், நோயும் கூடிவிட்டது என்று மாற்கு ஒளிக்காமல் எழுதுகிறார். இதே கதையை லூக்கா 8இல் பாருங்கள். ஒருவராலும் குணமாக்க முடியவில்லை என்பதோடு அவர் நிறுத்திவிடுகிறார். கொலோசெயர் 4:14இல் லூக்கா ஒரு வைத்தியர் என்று வருகிறது. தன் தொழில்காரரை விட்டுக்கொடுக்க மனமில்லை போலும்! பிள்ளைகளே, வீட்டில் மத்தேயு 9ஐயும் பக்கத்தில் வைத்து, யவீருவின் மகளைப் பற்றி அங்கே என்ன வித்தியாசம் என்று கண்டுபிடியுங்கள்.

யவீரு ஜெப ஆலயத் தலைவர். அவருடைய பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள். இயேசு அவரோடு புறப்பட்டுவிட்டார். பாதி வழியில் நின்று, தம்மைத் தொட்டது யார் என்று கேட்கிறார். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்த எவருக்கும் இந்த இடத்தில் பதற்றம் வரும். உயிருக்குப் போராடும் பிள்ளையை முதலில் பார், பன்னிரண்டு வருட நோய் நாளைவரை காத்திருக்கும். எங்களுக்குச் சொல்லித் தந்த ஒழுங்கு அதுதான். அதிலும் இந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே குணமாகிவிட்டது! பிறகு ஏன் நிற்கிறார்?

இரத்தம் நின்றது அவளுக்கு மட்டும்தான் தெரியும், ஊருக்குத் தெரியாது. லேவியராகமம் 15இன்படி அவள் படுத்த படுக்கையைத் தொட்டவர்களும் மாலைவரை தீட்டு. அவள் நடுங்கிக்கொண்டு உண்மை முழுவதையும் சொல்கிறாள். இயேசு எல்லார் முன்னாலும் அவளை ‘மகளே’ என்கிறார். சுவிசேஷங்களில் அவர் ஒரு பெண்ணை அப்படிக் கூப்பிடுவது இந்த ஒரு தடவைதான். அதுவும், தன் மகளுக்காக வந்த தகப்பன் பக்கத்தில் நிற்கும்போது. அந்த நேரத்தில்தான் மகள் இறந்த செய்தியும் வருகிறது. யவீரு ஏதும் சொன்னதாக எழுதப்படவில்லை. அந்த நிமிடங்களை என்னால் லேசாகக் கடக்க முடியவில்லை. பிறகு சிறுமி எழுந்ததும், அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொல்கிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பசிக்காதா!

இன்னொன்றையும் கவனியுங்கள். மாற்கு சொல்லும் இந்தக் கதையில் ‘தீட்டு’ என்ற சொல்லே இல்லை. அங்கே யாரும் அவளை விலக்கவுமில்லை. நம்முடைய வீட்டுப் பழக்கத்திலிருந்து எவ்வளவு தீட்டை நாம் சபைக்குள் கொண்டுவந்திருக்கிறோம்? ‘அக்கா, அந்த நாட்களில் நற்கருணை எடுக்கலாமா?’ என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டவர்கள் உண்டு. இது புதிய கேள்வியும் அல்ல. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா பேராயர் தியோனீசியு, கூடாது என்றார். அவர் காட்டிய சாட்சி இதே பெண்தான்: அவள் இயேசுவைத் தொடவில்லையே, உடையின் ஓரத்தைத்தானே தொட்டாள் என்றார். பிற்பாடு இந்த இங்கிலாந்துக்கு நற்செய்தி கொண்டுவந்த கான்டர்பரி அகுஸ்தீனும் ரோமிலிருந்த பாப்பரசர் கிரகோரியிடம் இதையே கேட்டனுப்பினார். பீட் என்ற துறவி 731இல் முடித்த திருச்சபை வரலாற்றில் அந்தப் பதில் இருக்கிறது. தடுக்கக் கூடாது என்றார் கிரகோரி. அவரும் இதே பெண்ணைத்தான் காட்டினார்: நோயோடு வந்து தொட்டவள் பாராட்டப்பட்டாளே என்றார். பயபக்தியால் ஒருத்தி தானாக விலகி நின்றால் அதையும் அவர் குறைசொல்லவில்லை.

ஒரே கதை, இரண்டு பெரிய மனிதர், எதிரெதிரான முடிவு. நான் கிரகோரியின் பக்கம். தியோனீசியு அவள் தொட்டதோடு வாசிப்பை நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன். இயேசு அதற்குப் பிறகும் நிற்கிறார், பேசுகிறார். ஆகவே என்னிடம் கேட்டவர்களுக்கு என் பதில்: வாருங்கள், எல்லாரோடும் சேர்ந்து முன்னால் வாருங்கள்.

தாதியாக ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். இரத்தப்போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணிக்கொரு தடவை துணி மாற்ற வேண்டியிருந்தாலோ, பொறுத்துக்கொண்டு வீட்டில் இராதீர்கள். குடும்ப வைத்தியரிடம் போங்கள். ஒரு இரத்தப் பரிசோதனையிலேயே நிறையத் தெரியவரும், இன்று நல்ல மருந்துகளும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஆராதனை முடிந்ததும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் கூட வருகிறேன்.