அம்மாவின் கடிதங்கள்



கடன், சேமிப்பு பத்தி முன்னால பேசினவங்க நல்லா சொல்லிட்டாங்க. நான் ஒரு படத்தைப் பத்திப் பேசுறேன். பயிற்சிக்குப் போன இடத்துல போட்டுக் காட்டினாங்க. சினிமா இல்ல, 15 நிமிஷ வீடியோ.

எடுத்தவங்க மோனா ஹாட்டூம். பாலஸ்தீனக் குடும்பம். 1948-ல சொந்த ஊரான ஹைஃபாவை விட்டு லெபனான் வந்தவங்க. மோனா அங்க பெய்ரூட்டில் பிறந்தாங்க. 1975-ல லண்டனுக்குப் போயிருந்தப்போ ஊர்ல உள்நாட்டுப் போர் வந்திருச்சு. திரும்ப முடியாம அங்கேயே தங்கிட்டாங்க. இந்த வீடியோ 1988-ல வந்தது.

படத்துல அவங்க அம்மா குளிக்கிறாங்க. ஆமா, குளிக்கிறதுதான். பார்த்ததும் எங்க எல்லாருக்கும் கூசிப் போச்சு, பாதிப்பேர் தலையைக் குனிஞ்சுக்கிட்டோம். ஆனா உருவம் தெளிவா தெரியாது. அம்மா மகளுக்கு அரபியில எழுதின கடிதம் திரை முழுக்க, ஜன்னல்ல துணி கட்டின மாதிரி மறைச்சு நிக்குது. பின்னால ரெண்டு பேரும் பேசிச் சிரிக்கிற சத்தம். அதுக்கு மேல மகள் அந்தக் கடிதங்களை இங்கிலீஷ்ல படிக்கிறாங்க. மேடம் நிறுத்தி நிறுத்தி தமிழ்ல சொன்னாங்க.

மகளைக் காணாத ஏக்கம், போர், ஊரை இழந்த வலி, உடம்பு சமாச்சாரம், புருஷன் பொண்டாட்டி விஷயம், எல்லாம் அந்தக் கடிதத்துல இருக்கு. போட்டோ எடுத்ததுல அப்பாவுக்குக் கோபம். அதையும் அம்மாவே எழுதுறாங்க. ஆனாலும் போட்டோவை மகள் உபயோகிக்க சம்மதிக்கிறாங்க. எனக்குப் பிடிச்சது அதுதான். அகதின்னா அழுதுக்கிட்டு இருக்கிற பொம்பளையைத்தான் டிவியில காட்டுறாங்க. இந்த அம்மா சிரிக்கிறாங்க, கோபப்படுறாங்க, தன்னைப் பத்தித் தானே சொல்றாங்க.

நம்ம போட்டோவை நினைச்சுப் பாருங்க. எந்த விழா மலரா இருந்தாலும் காசோலை வாங்குற போட்டோதான். எடுக்கிறவர் “சிரிங்கம்மா”ன்னு சொல்வார், நாமளும் சிரிப்போம். அவ்வளவுதான் நாமன்னா எப்படி?

எங்க குழுவில் ஒரு அக்காவோட மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்யுது. அக்கா தினமும் போன்ல “நல்லா இருக்கேன், நீ சாப்பிட்டியா”, இவ்வளவுதான் பேசுவாங்க. அந்தப் பொண்ணும் “நல்லா இருக்கேன்”தான். நான் இந்தப் படத்தைச் சொன்ன பிறகு ஒருநாள் என் செல்போனைக் கேட்டு வாங்கி, மாட்டுக் கொட்டகையில உட்கார்ந்து பேசி வீடியோ எடுத்தாங்க. முட்டி வலி, விக்காத கன்னுக்குட்டி, ராத்திரி தூக்கம் வராம கிடக்கிறது, எல்லாம் சொன்னாங்க. அவங்க சொன்னபடியே அனுப்பி வச்சேன். மூணு நாள் கழிச்சு மகள்கிட்டயிருந்து பதில் வந்துச்சு. 11 நிமிஷம். அதுல என்ன இருந்துச்சுன்னு நான் கேட்கல.

அடுத்த மாசக் கூட்டத்துக்கு வீட்டுல இருக்கிற செல்போனை எடுத்துட்டு வாங்க. வீடியோ எடுக்கத் தெரியாதவங்களுக்கு எங்க குழுவுல சொல்லித் தர்றோம். யாருக்குக் காட்டணும், யாருக்குக் காட்டக் கூடாதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க.