வோடூவும் நம்ம சுடலைமாடனும்

(ஜெர்சி சிட்டியில் நடந்த நம் வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன்.)



இன்னைக்குப் பேச எடுத்துக்கொண்டது ஹைத்தி மக்களின் வோடூ. இந்தச் சொல்லைக் கேட்டதும் என்ன ஞாபகம் வருதுன்னு நம்ம குழுவில் கேட்டிருந்தேன். ஊசி குத்தின பொம்மை, ஸாம்பி, மண்டையோடு, பில்லி சூனியம். வந்த பதில் இவ்வளவுதான். எல்லாமே சினிமா. நியூ ஜெர்சியில் இத்தனை ஹைத்தியர்கள் பக்கத்தில் வாழ்ந்தும், அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு விஷயம்கூட அதில் இல்லை. இந்தப் பிம்பம் எங்கிருந்து வந்தது, யாருக்குப் பயன்பட்டது என்பதுதான் என் பேச்சு.

முதலில் வோடூ என்றால் என்ன? மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபோன் மொழியில் ‘வோடுன்’ என்றால் தெய்வம். தஹோமி, கொங்கோ பகுதிகளிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்கள், பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில், தங்கள் வெவ்வேறு சாமிகளை ஒன்றுசேர்த்துக் கட்டிய மதம் இது. 1685-இன் பிரெஞ்சு அடிமைச் சட்டம் எல்லாருக்கும் ஞானஸ்நானம் கட்டாயம் என்றது. அதனால் கத்தோலிக்கப் புனிதர்களின் படங்களும் உள்ளே வந்தன. எல்லாருக்கும் மேலே போந்யே என்ற ஒரு கடவுள் உண்டு. அவர் ரொம்ப தூரம். அன்றாடக் கஷ்டங்களுக்கு மக்கள் போவது ‘ல்வா’ எனப்படும் தெய்வங்களிடம். லெக்பா வாசலையும் நாற்சந்தியையும் காக்கிறவர். அவரை முதலில் கூப்பிடாமல் சடங்கு தொடங்காது. ஒகூ இரும்புக்கும் போருக்கும் உரியவர். பாரோன் சமெதி இடுகாட்டுக்காரர்; ரம்மும் சுருட்டும் அவருக்குப் படையல். பூசை செய்யும் ஆணுக்கு ஊங்கான் என்றும் பெண்ணுக்கு மம்போ என்றும் பெயர். மேளம் அடிக்க அடிக்க ஒருவர் மேல் ல்வா இறங்கும். அவரை அந்தத் தெய்வத்தின் ‘குதிரை’ என்பார்கள்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரங்க சிரிக்கிறீங்க, தெரியுது. சுடுகாட்டுச் சாமி சுடலைமாடனுக்கும் சுருட்டும் சாராயமும்தானே வைக்கிறோம். கொடையில் மேளம் உச்சத்துக்குப் போனால் சாமியாடி ஆடுவார், குறி சொல்லுவார். ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லவில்லை. வேர் வேறு, வரலாறு வேறு. ஆனா வெளியே நின்று ரெண்டையும் பார்த்து முகம் சுளிக்கிற கண் ஒண்ணுதான்.

சரி, பிம்பத்துக்கு வருவோம். 1791 ஆகஸ்டில் புவா கைமான் என்ற இடத்தில் அடிமைகள் கூடி, ஒரு வோடூ சடங்கில் சத்தியம் செய்து கிளர்ச்சியைத் தொடங்கினார்கள் என்பது ஹைத்தியின் தேச நினைவு. 1804 ஜனவரி 1-இல் நாடு விடுதலை பெற்றது. அடிமைகளே எழுந்து வென்று ஒரு நாட்டை உருவாக்கியது அங்கேதான். அதை யாரும் மன்னிக்கவில்லை. 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, பழைய முதலாளிகளுக்கு இழப்பீடாக 15 கோடி பிராங்க் கேட்டு மிரட்டியது. 1915-இல் அமெரிக்கப் படை உள்ளே புகுந்தது. 19 ஆண்டுகள் இருந்தது. விவசாயிகளைப் பிடித்துக் கட்டாய வேலையில் சாலை போட வைத்தது. சூனியத் தடைச் சட்டம் என்ற பெயரில் வோடூ கோயில்களில் புகுந்து மேளங்களைப் பறித்து உடைத்தது.

அந்த ஆக்கிரமிப்புக் காலத்தில்தான், 1929-இல், வில்லியம் சீபுரூக் என்ற அமெரிக்கர் ‘தி மேஜிக் ஐலண்ட்’ என்ற பயணப் புத்தகத்தை எழுதினார். 1932-இல் ‘வொயிட் ஸாம்பி’ படம் வந்தது. ஹைத்தியில் ஸாம்பி என்றால் யாரையும் கடிக்கிற பிணம் இல்லை. செத்த பிறகும் விடுதலை கிடைக்காமல், புத்தி பறிக்கப்பட்டு, இன்னொருத்தனுக்கு உழைத்துக்கொண்டே இருக்கிறவர். சீபுரூக்கின் புத்தகத்திலும் ஸாம்பிகள் கரும்புத் தோட்டத்தில்தான் வேலை செய்கிறார்கள். யோசிச்சுப் பாருங்க. அங்கே மக்கள் பயந்தது ஸாம்பி வந்து கடிக்கும் என்பதற்காக இல்லை. தானே ஸாம்பி ஆகிவிடுவோமோ என்று. அது அடிமை வாழ்வின் நினைவு. ஹாலிவுட் அந்த உழைப்பாளியையே பூதமாக்கிவிட்டது.

இந்தப் பிம்பம் ஆளைக் கொல்லும். 2010 நிலநடுக்கத்துக்கு மறுநாளே ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சிப் பாதிரியார், ஹைத்தியர்கள் பிசாசோடு ஒப்பந்தம் போட்டதால் வந்த சாபம் என்று பேசினார். அவர் ‘ஒப்பந்தம்’ என்றது அந்த விடுதலைக் கிளர்ச்சியை. அதே ஆண்டு இறுதியில் காலரா பரவியபோது, வோடூ பூசாரிகள் பொடி தூவிப் பரப்பினார்கள் என்று வதந்தி கிளம்பி, 40-க்கும் மேற்பட்டவர்களை ஹைத்தியிலேயே கும்பல்கள் அடித்துக் கொன்றன. உண்மையில் காலரா வந்தது ஐ.நா. படை முகாமின் கழிவிலிருந்து.

இங்கே ஒரு தோழர் கேட்பார்: “நாம பெரியார் வழி வந்தவங்க. மூடநம்பிக்கையைக் காப்பாத்தவா கூட்டம் போடுறோம்?” நல்ல கேள்வி. வோடூவைப் புனிதமாக்க நான் வரவில்லை. சர்வாதிகாரி பிரான்சுவா துவாலியே பாரோன் சமெதி மாதிரி உடுத்திக்கொண்டு, அந்தப் பயத்தை வைத்தே மக்களை ஒடுக்கினார். எந்த மதத்தையும் போல இதையும் விமர்சிக்கலாம். நான் கேட்பது, விமர்சனம் யாரை நோக்கிப் போகிறது என்பது. பெரியார் கேள்வி கேட்டது அதிகாரத்தில் இருந்த மதத்தை. இங்கே நடப்பது தலைகீழ்: அதிகாரத்தில் இருக்கிறவன் ‘மூடநம்பிக்கை’ என்று சொல்லி, இல்லாதவனின் மேளத்தை உடைக்கிறான்.

நம்ம ஊரிலேயே பாருங்க. 2003 ஏப்ரலில் ஹைத்தி அரசு வோடூவை முறைப்படி மதமாக ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டில், 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசிதட்டி, கோயில்களில் ஆடு கோழி பலியிடத் தடை என்று ஜெயலலிதா அரசு உத்தரவு போட்டது. பிரியாணிக் கடைக்கு அந்தத் தடை கிடையாது. கருப்பசாமிக்கும் மாடனுக்கும் மட்டும்தான். அதாவது தலித்துகளும் பிற்படுத்தப்பட்டவர்களும் கும்பிடுகிற சாமிகளுக்கு. எதிர்ப்பு வலுத்து 2004-இல் அந்தச் சட்டத்தையே ரத்து செய்ய வேண்டி வந்தது.

இன்னும் பக்கத்தில் வாங்க. 1845 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கயானாவுக்குப் போனவர்கள் மாரியம்மனைக் கொண்டுபோனார்கள். அங்கே அது காளிமாயி பூசை ஆனது. தப்பு அடிக்கிறார்கள், சாமி இறங்குகிறது, கிடா வெட்டுகிறார்கள். அவர்களின் சந்ததி இன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் குயின்ஸின் ரிச்மண்ட் ஹில்லில் பூசை நடத்துகிறது. கயானாவிலேயே சக இந்துக்கள் பலர் அதைச் சூனியம் என்று ஒதுக்கினார்கள். நம்ம கோயில் வாசலில் “அதெல்லாம் வேற மாதிரி ஆளுங்க, அங்க போகாதே” என்று நானே கேட்டிருக்கிறேன். தப்பு என்ற நம்ம சொல்லை 180 வருஷமா காப்பாத்தி வச்சிருக்கிறவங்களைப் பற்றித்தான் அந்தப் பேச்சு.

இந்த ஊருக்கும் இது புதுசில்லை. 1987-இல் இதே ஜெர்சி சிட்டியில், நெற்றிப் பொட்டைக் கேலியாக்கி ‘டாட்பஸ்டர்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்ட கும்பல் இந்தியர்களைத் தாக்கியது. 2024-இல் ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஹைத்தியர்கள் வீட்டு நாய் பூனைகளைத் தின்கிறார்கள் என்ற பொய்யை ஜனாதிபதி வேட்பாளரே விவாத மேடையில் சொன்னார். அதற்குப் பிறகு பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது. 2010-இல் ஹைத்தியர்களுக்குக் கொடுத்த தற்காலிகப் பாதுகாப்பை முடிக்கப்போவதாக அரசு 2017-லும் 2025-லும் அறிவித்தது. ஒருத்தரை நாடு கடத்துவதற்கு முன்னால் அவரை விநோதமானவராகக் காட்ட வேண்டும். அந்த வேலையை இந்தப் பழைய சினிமாப் பிம்பம் இலவசமாகச் செய்துகொடுக்கிறது.

அதனால் இரண்டு வேண்டுகோள். ஒன்று, ‘வோடூ’வைப் பில்லி சூனியம் என்று மொழிபெயர்ப்பதை நிறுத்துவோம். நம்ம மீம், வீடியோ, வீட்டுப் பேச்சு எல்லாத்திலயும். அம்மா அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றால், “அவங்க ஊர் குலசாமி” என்று சொல்லுங்க, உடனே புரியும். இரண்டாவது, ஹைத்தியர்களின் குடியேற்ற உரிமைக்கான கூட்டங்களுக்கு நாம் தனித்தனியாகப் போவது போதாது. தமிழ்க் குழுவாக, நம்ம பதாகையோடு போகணும். அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரித்து இந்த மடலிலேயே எழுதுகிறேன். யார் யார் வரீங்கன்னு பதில் போடுங்க.

இப்போ கேள்விகளுக்குப் போகலாம்.