பனியுகத்தைக் கடந்த சோலைகள்

டில்லியிலிருந்து இளவேனிலில் குமாவூன், கட்வால் மலைகளுக்குச் சென்று வந்த தமிழர் பலர், 'புராஞ்ச்' என்னும் செந்நிற மலரைக் கண்டிருப்பர். அதன் சர்பத்தைப் பருகியும் இருப்பர். அதே இனத்து மரம், ஏறக்குறைய 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், நமது நீலகிரியில் காட்டுப் பூவரசு என்ற பெயரில் வளர்கிறது. இடையிலுள்ள வெப்பச் சமவெளியில் அதனைக் காண இயலாது. குளிர் மிகுந்த பனியுகங்களில் மலைத் தாவரங்கள் இடைப்பட்ட குன்றுகளின் வழியே தெற்கு நோக்கிப் பரவியிருக்கலாம் என்பது அறிஞர் சிலரின் கருத்து.

அங்ஙனமாயின், பனியுகத்தில் நீலகிரியின் மரங்கள் எந்நிலையில் இருந்தன? இதற்குச் சான்று கூறுவது பூந்தாது, அதாவது மகரந்தம். கண்ணுக்குப் புலனாகாத அத்துகளின் புறத்தோடு மிக வலியது. காற்றுப் புகாத சதுப்பு நிலச் சேற்றில் புதைந்தால் பல்லாயிரம் ஆண்டுகள் அழியாது. தாவர வகைக்கேற்பத் தாதுவின் வடிவம் வேறுபடும். சேற்றைக் குழாய்கொண்டு அடுக்குக் குலையாமல் எடுத்து, அமிலத்தால் தூய்மை செய்து, நுண்ணோக்கியில் தாதுக்களை இனம் பிரித்து எண்ணுவர். அடுக்கின் வயதைக் கதிரியக்கக் கரியைக்கொண்டு கணிப்பர். 1916ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு லென்னார்ட் வான் போஸ்ட் இம்முறைக்கு வித்திட்டார்.

நம் நாட்டில் இக்கலையை வளர்த்தவற்றுள், பீர்பல் சாஹனி 1946இல் லக்னோவில் நிறுவிய தொல்தாவரவியல் ஆய்வகமும், 1955இல் தோன்றிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் முதன்மையானவை. லக்னோவின் விஷ்ணு மித்ரே, புதுச்சேரியின் தணிகைமணி, வசந்தி முதலியோர் தென்னக மலைச் சதுப்புகளை ஆராய்ந்தனர். உதகைக்கு அருகிலுள்ள சாண்டிநல்லா சதுப்பு அவற்றுள் புகழ் பெற்றது. 1993இல் இரா. சுகுமாரும் அவர்தம் குழுவினரும் அங்குள்ள சேற்றின் கரி அணுக்களை ஆராய்ந்து, வறண்ட காலத்தையும் ஈரக் காலத்தையும் பிரித்துக் காட்டினர்.

கிடைத்த விடை யாது? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், நீலகிரியைப் பனிப்பாறை மூடவில்லை, பருவமழையே நலிந்தது. வறட்சி தாங்கும் புற்கள் பரந்தன, சோலைகள் சுருங்கின. ஆயினும் அவை முற்றிலும் மாயவில்லை. ஈரமும் காற்றொதுக்கும் உள்ள மலை மடிப்புகளில் ஒதுங்கி நின்ற மரங்கள், மழை மீண்டதும் இடத்திற்கேற்ப விரிந்தன.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். காற்றில் தாதைத் தூவும் புல் மிகுதியாகத் தூவும். பூச்சிகளை நம்பும் சோலை மரங்களோ சிறிதளவே தரும். ஆதலால் மரத்தாது குறைவு என்பதனாலேயே மரம் இல்லை என்று முடிவு கட்டலாகாது. எனவேதான் அறிஞர் பலவகைச் சான்றுகளையும் ஒப்புநோக்குகின்றனர்.

இவ்வாராய்ச்சியில் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. நீலகிரியின் புல்வெளிகள், மனிதர் காட்டை எரித்ததனால் உண்டானவை என்று நெடுங்காலம் பலர் எண்ணினர். அவற்றைப் பயனற்ற நிலமாகக் கருதி, 19ஆம் நூற்றாண்டு முதல் யூகலிப்டஸ், சீகை, பைன் முதலிய அயல் மரங்களை நட்டனர். புல்வெளியின் பெரும்பகுதி மறைந்தது. ஆனால் மேய்ச்சலும் உழவும் அம்மலையை அடைவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே புல் அங்கு இருந்தது என்று சேறு சான்று கூறுகிறது. சோலையும் புல்வெளியும் பனியுகத்தைச் சேர்ந்தே கடந்து வந்தவை. மழைநீரைத் தேக்கி ஓடைகளுக்கு ஊட்டுவதில் இரண்டுக்கும் பங்குண்டு.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் ஒரு பாடம் உண்டு. 'தரிசு' என்ற ஒரு சொல்லை ஏட்டில் எழுதிவிடுவது எளிது. அச்சொல்லின்பேரில் நிலத்தின் தலைவிதியே மாறிவிடுகிறது. மரம் நடுதல் நல்லறமே. எனினும் எவ்விடத்தில் எதனை நடுவது என்பதை அந்நிலத்தின் பழங்கதையைக் கேட்டறிந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.